பக்கவாதமும் மூளைப் பகுதிகளும்: ஒரு வரலாறு

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி செயலிழப்பதே பக்கவாதம். எந்தப் பகுதி பாதிக்கப்படுகிறதோ அதைப் பொறுத்து உடலின் இழப்பும் மாறுபடும். மூளைக்குள் பார்க்கக் கருவிகள் இல்லாத காலத்தில், இந்தத் தொடர்பை மருத்துவர்கள் நோயாளிகளிடமிருந்தே கற்றனர்.

தொடக்கக் கால ஆய்வுகள்

சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் யாக்கோப் வெப்ஃபர், திடீரென வீழ்ந்து இறந்தவர்களின் மூளையில் இரத்தக்கசிவு இருந்ததை 1658இல் எழுதினார். மூளையிலிருந்து வரும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை முகுளத்தின் கீழ்ப்பகுதியில் பக்கம் மாறுகின்றன. எனவே பெருமூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் வலக்கை, வலக்கால் செயலிழக்கும்.

பேச்சின் இடம்

1861இல் பாரிசின் பிசெத்ர் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பால் புரோக்கா இரண்டு நோயாளிகளை ஆராய்ந்தார். முதலாமவர் லெபோர்ன், 'டான்' என்ற ஒலியைத் தவிர அவரால் ஏறக்குறைய எதையும் சொல்ல இயலவில்லை. இரண்டாமவர் லெலோங், பக்கவாதத்துக்குப் பின் அவரிடம் எஞ்சியவை ஐந்தே சொற்கள். எந்த எண்ணைக் கேட்டாலும் 'மூன்று' என்றே சொன்னார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டபோதும் 'மூன்று' என்றார். ஆனால் நான்கு விரல்களைக் காட்டினார். அறிவு இருந்தது, சொல் மட்டும் வரவில்லை. இருவரும் இறந்தபின், மூளையின் இடப்பக்க நெற்றிப் பகுதியில் சிதைவு காணப்பட்டது.

1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதற்கு மாறான நிலையை விளக்கினார். இடப்பக்கப் பொட்டுப் பகுதியின் பின்புறம் பாதிக்கப்பட்டவர்கள் தடையின்றிப் பேசினர்; ஆனால் பேச்சில் பொருள் இல்லை, பிறர் பேசுவதும் விளங்கவில்லை.

மூளைத்தண்டு

1895இல் அடால்ஃப் வாலன்பெர்க், ஒரு நோயாளியின் அறிகுறிகளை மட்டும் கொண்டு, முகுளத்தின் பக்கவாட்டில் பாதிப்பு இருப்பதாகக் கணித்தார். இவ்வகைப் பாதிப்பில் முகத்தின் ஒரு பக்கமும் உடலின் மறுபக்கமும் வலி, சூடு உணர்வை இழக்கும், விழுங்குவது கடினமாகும், நடை தள்ளாடும். நோயாளி இறந்தபின் செய்த ஆய்வு கணிப்பை உறுதிசெய்தது. அதை அவர் 1901இல் வெளியிட்டார்.

இன்றைய நிலை

1971இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. அதன்பின், உயிருடன் இருக்கும்போதே பாதிப்பின் இடத்தைக் காண முடிந்தது. ஆயினும் வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவையே இன்றும் முதல் எச்சரிக்கைகள். இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் நோயாளியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பேச முடியாதவருக்குப் புரியாது என்று எண்ணிவிடக் கூடாது என்பது லெலோங்கின் நான்கு விரல்கள் தந்த பாடம்.