விலை போட்ட தர்மம்



போன வாரம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பழைய வீட்டை உடைத்தார்கள். கீறல் விழாத பேசின், நல்ல முதிரைக் கதவு எல்லாம் கல்லோடு கல்லாக ட்ரெக்டரில் ஏறிப் போயின. கதவில்லாமல் சீலை தொங்கும் டொய்லட்டுகள் ஊரில் எத்தனை என்பது, பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வரும் ஆசிரியர்களுக்குத் தெரியும்.

"யாருக்காவது கொடுத்திருக்கலாமே" என்றேன்.

"குடுத்தா வாங்க மாட்டாங்க சேர், வெக்கப்படுவாங்க" என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்த வெட்கத்துக்கு வரலாற்றில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள்.

1942 இல் ஜெர்மனி கைப்பற்றியிருந்த கிரேக்கத்தில் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உதவ இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் சிலர் ஒரு குழு அமைத்தார்கள். இன்று நாம் அறிந்த ஒக்ஸ்பாம் அதுதான். யுத்தம் முடிந்த பிறகும் அவர்கள் உதவி கேட்டார்கள். அனுப்பி முடிக்க முடியாத அளவுக்குச் சாமான் குவிந்தது. 1947 இறுதியில் அந்நகரின் புரோட் வீதி, 17 ஆம் இலக்கக் கட்டடத்தைக் கடையாக எடுத்து, மிஞ்சியதை விலை போட்டு விற்றார்கள். காசு நிவாரணத்துக்குப் போனது.

வீட்டுச் சாமான்களுக்கென்றே அப்படியொரு கடை 1991 இல் கனடாவின் வின்னிபெக் நகரில் வந்தது. வசதி குறைந்தோருக்கு வீடு கட்டும் ஹெபிடாட் அமைப்பினர் 'ரீஸ்டோர்' என்ற பெயரில் அதைத் திறந்தார்கள். உடைக்கும் வீடுகளின் கதவு, யன்னல், சிங்க், கட்டிட வேலையில் மிஞ்சிய பொருட்கள் எல்லாம் அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும். வரும் காசில் வீடு கட்டுவார்கள். அந்த வீடும் இனாம் இல்லை. குடும்பத்தினர் கட்டிட வேலையில் கை கொடுக்க வேண்டும், தவணைப் பணமும் கட்ட வேண்டும்.

இந்தக் கடைகளில் உள்ளே வருபவர் கை நீட்டுபவர் அல்ல, வாடிக்கையாளர். வசதியுள்ளவரும் இல்லாதவரும் ஒரே வாசலால் வருவார்கள். யார் எதற்காக வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. பேசினைக் கொடுத்தவர் மட்டுமல்ல, அதைக் காசு கொடுத்து வாங்கியவரும் இன்னொருவரின் சுவருக்குக் கல் வைக்கிறார்.

2022 க்குப் பிறகு ஒரு கொமட் வாங்கப் போனவர்களுக்கு விலை தெரியும். நமது ஊரில் பூட்டிக் கிடக்கும் ஒரு கடை அறையும், அஸருக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் நிற்க நான்கு பேரும் கிடைத்தால் நாமும் தொடங்கலாம். நான் ஒருவன் தயார். மற்ற மூவர் யார்?