பெண் வேடம் (மட்டக்களப்புக் கூத்து)

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள ஊர்களில் ஆடப்படும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் அரசி, தோழி முதலிய பெண் பாத்திரங்களை மரபாக ஆண்களே ஏற்றுவந்தனர். கூத்தைப் பயிற்றும் அண்ணாவியார் பாத்திரங்களைப் பகிர்ந்து சட்டம் (அவரவர் பாட்டுகள் எழுதிய ஏடு) கொடுத்ததும் மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். விடியவிடிய நடக்கும் அரங்கேற்றத்தில், வட்டக் களரியில், பெண் வேடக்காரர் மென்மையான ஆட்டத்தையும் மத்தளத்துக்குப் பிசகாத தாளக்கட்டையும் ஒருசேரக் காட்ட வேண்டும். அரச வேடத்தைவிட இது எளிதென்று நினைப்பது தவறு.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகிய கூத்துகளை நவீன மேடைக்குத் தயாரித்தபோது மாணவியரும் ஆடினர். இராவணனாக ஆடிய மட்டக்களப்பார் சி. மௌனகுரு, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இப்பணியைத் தொடர்ந்தார். 2000களில் அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர் மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊராருடன் சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம், பெண்களைச் சித்திரிக்கும் விதத்தையே கேள்விக்கு உட்படுத்தியது. பல்கலைக்கழக மேடையேற்றங்களைவிட ஆழமான மாற்றம் இதுவே எனலாம். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இன்று மாணவியர் கூத்தைப் பாடமாகப் பயில்கின்றனர்.