மட்டாஞ்சேரியின் பாட்டு நோட்டுகள்

குருவாயூர் யாத்திரை போகும் நம் அங்கத்தினர்களில் பலர் கொச்சியையும் ஒரு நடை பார்த்துவிட்டு வருவதுண்டு. மட்டாஞ்சேரி அரண்மனை, அதை ஒட்டிய பகவதி கோயில், அடுத்தாற்போல் 1568-ல் கட்டப்பட்ட யூதர்களின் பரதேசி ஜெப ஆலயம், சற்றுத் தள்ளிக் கொங்கணி பிராமணர்களின் திருமலை தேவஸ்வம் கோயில். பல மதத்தினர் இப்படி அக்கம்பக்கமாக வாழ்ந்ததைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது வேறு. ஒரு மதத்தாரின் ஏடுகளை இன்னொரு மதத்தார் சிரத்தையோடு உட்கார்ந்து படித்தார்களே, அதனால் என்ன மிஞ்சியது என்பதுதான் விஷயம்.

முதலில் அந்த ஜெப ஆலயத்தாரின் செப்பேடு. சுமார் கி.பி. 1000-ல் சேர மன்னன் பாஸ்கர ரவி, யூதர் தலைவனான இஸ்ஸூப்பு இறப்பானுக்கு அஞ்சுவண்ணமும் 72 விடுபேறுகளும் அளித்த சாஸனம் இது. தொடக்கமே 'ஸ்வஸ்தி ஸ்ரீ'. எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மொழி தமிழுக்கு மிக நெருங்கிய பழைய மலையாளம். இதை ஆராய்ந்து 1844-ல் சென்னையிலிருந்து வந்த ஒரு சஞ்சிகையில் மொழிபெயர்ப்பு வெளியிட்டவர்களில் ஒருவர் ஹெர்மன் குண்டர்ட். ஜெர்மனியில் ட்யூபிங்கன் நகரில் கிறிஸ்தவ இறையியல் படித்துவிட்டுப் பிரசாரத்துக்காக இங்கே வந்தவர். வந்த இடத்தில் தாமே மாணாக்கராகி, 1872-ல் மலையாள அகராதியையும் தந்தார்.

செப்பேடு உலோகம், ஆயிரம் வருஷம் தாங்கியது. பாட்டு அப்படி அல்லவே! கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் மலையாளத்தில் பாடி வந்தார்கள். ஆபிரகாம், யோசேப்பு, மோசே கதைகள், மணமக்களுக்கான வாழ்த்துகள், தங்கள் ஜெப ஆலயங்களைப் பற்றிய பாட்டுகள். எல்லாவற்றையும் மலையாள எழுத்தில் நோட்டுப் புத்தகங்களில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கு என்று வைத்திருந்தார்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது நோட்டுகளும் உடன் போயின. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பேச்சு ஹீப்ரு. மலையாளம் படிக்க வீட்டில் ஆள் குறைந்தது.

இந்த நிலையில்தான் அமெரிக்காவின் பார்பரா ஜான்ஸன் வந்தார். கொச்சி யூதர்களின் ஐதிகங்களைப் பற்றி 1975-ல் ஸ்மித் கல்லூரியில் முதுகலை ஆய்வேடு எழுதியவர். 1985-ல் அதே சமூகத்தைப் பற்றி முனைவர் பட்டமும் பெற்றார். அவரும் வேறு சிலரும் கொச்சியிலும் இஸ்ரேலிலும் நோட்டுகளைப் பிரதி எடுத்தார்கள். வயதான பெண்கள் பாடப் பாட ஒலிப்பதிவு செய்தார்கள்.

சேகரித்தால் போதுமா? பொருள் தெரிய வேண்டாமா? பழைய மலையாளச் சொற்கள் பல, பாடுகிறவர்களுக்கே விளங்காமல் இருந்தன. அதற்குக் கைகொடுத்தவர் பேராசிரியர் ஸ்கரியா ஸக்கரியா. அவர் ஒரு கிறிஸ்தவர். காலடியில் ஆதிசங்கரர் பெயரால் அமைந்த ஸம்ஸ்கிருதப் பல்கலைக்கழகத்தில் மலையாளம் கற்பித்தவர். ஆனால் சொல் புரிந்தாலும், யூத குருமார்களின் வியாக்கியானக் கதைகள் தெரியாவிட்டால் பாதிப் பாட்டு புரியாது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் ஹீப்ரு அறிந்தவர்கள். இஸ்ரேலைச் சேர்ந்த ஓஃபிரா கம்லியேல், ஸக்கரியாவுடன் சேர்ந்து 2005-ல் ஜெருசலேமில் 'கார்குழலி' என்ற தொகுப்பை ஹீப்ரு மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். 2009-ல் இதே பாட்டுகளுக்காக ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். மலையாளம் மட்டும் கற்றவரோ, ஹீப்ரு மட்டும் கற்றவரோ தனித்து இதைச் செய்திருக்க முடியாது.

ஸக்கரியா 2022-ல் காலமானார். மட்டாஞ்சேரியில் வழிபாட்டுக்கு வேண்டிய 10 யூத ஆண்கள்கூட இன்று உள்ளூரில் சேர்வதில்லை. ஆனால் பாட்டுகள் அச்சில் இருக்கின்றன, ஒலித்தட்டில் இருக்கின்றன, இஸ்ரேலில் கொச்சிப் பெண்மணிகள் மறுபடி கூடிப் பாடவும் செய்தார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் பாட்டிமார்களின் நோட்டுகள்தான் ஞாபகம் வரும். ஊஞ்சல் பாட்டு, நலங்குப் பாட்டு, சம்பந்தியைக் கேலி செய்யும் பாட்டு, ஆரத்திப் பாட்டு. பாலக்காட்டிலும் கொச்சியிலும் குடியேறிய நம்மவர் வீடுகளில் தமிழ்ப் பாட்டையே மலையாள எழுத்தில் எழுதி வைத்த நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். வேதத்தையும் ஸ்தோத்திரங்களையும் காக்கப் பாடசாலைகள் உண்டு. இவற்றுக்கு யார் இருக்கிறார்கள்? பேரக் குழந்தைகளோ மும்பையிலும் நியூஜெர்ஸியிலும். தமிழ் எழுத்தே பலருக்குச் சிரமம்.

ஆகவே அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் அப்படி ஒரு நோட்டு இருந்தால், பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். பாடத் தெரிந்த மாமியோ அத்தையோ இருந்தால், இந்த விடுமுறையிலேயே பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எந்த ஊர், எந்தச் சடங்கு என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு எந்த மதத்துப் பிள்ளையாவது ஆராய்ச்சிக்கென்று வந்து கேட்டால், மட்டாஞ்சேரிப் பெண்மணிகளைப் போல நம்பிக் கொடுங்கள்.