திரும்பி வந்த மசோதா

அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதியோடந்தமாக வாசித்தாலும், மசோதாவை மறுக்கும் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறிக்கும் ‘வீட்டோ’ என்ற சொல் அதில் அகப்படாது. இரு சபைகளும் நிறைவேற்றிய மசோதா ஜனாதிபதிக்குச் சம்மதமில்லையேல், அது எந்தச் சபையில் பிறந்ததோ அந்தச் சபைக்கே, ஞாயிறு நீங்கலாகப் பத்து நாட்களுக்குள், தம் ஆட்சேபங்களை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும், இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அதை மீண்டும் ஏற்றால் அவர் சம்மதமின்றியே அது சட்டமாகும் என்றும் 1787-ல் பிலடெல்பியாவில் கூடிய பெரியோர் விதித்தனர்.

இந்த அதிகாரத்தை முதன்முதலில் பிரயோகிக்க நேர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் பட்ட தயக்கம் நினைக்கத்தக்கது. 1792-ல் பிரதிநிதிகள் சபையின் ஸ்தானங்களைப் பங்கிட வந்த மசோதா, முப்பதாயிரம் பேருக்கு ஒருவருக்கு மேற்படலாகாது என்ற சாசன வரம்பை எட்டு மாகாணங்களின் விஷயத்தில் மீறியிருந்தது. மந்திரிகள் நால்வரிடமும் அவர் அபிப்பிராயம் கேட்க, ஜெபர்சனும் ராண்டால்பும் மறுக்கவும், ஹாமில்டனும் நாக்ஸும் ஏற்கவும் சொன்னார்கள். வடக்கும் தெற்குமாகச் சபை பிரிந்து வாக்களித்த விவகாரத்தில், தெற்கத்தியரான தாம் தெற்கின் பட்சமாய்ச் சாய்ந்தவராகக் கருதப்படுவோமோ என்ற கவலையும் அவரை வாட்டியது. முடிவில் ஏப்ரல் 5-ந் தேதி, இரண்டே ஆட்சேபங்களைச் சுருக்கமாக எழுதி அனுப்பினார். சபையில் மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை. முப்பத்து மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்று திருத்தி எழுதப்பட்ட புதிய மசோதா ஒன்பதே நாட்களில் அவர் கையொப்பம் பெற்றது.

சாசனத்துக்கு முரணானதையே பெரும்பாலும் மறுத்துவந்த முந்தைய ஜனாதிபதிகளின் வழக்கத்தை, பின்வந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் விரிவாக்கினார். 1832 ஜூலை 10-ல் தேசிய வங்கியின் உரிமப் பத்திரத்தைப் புதுப்பிக்கும் மசோதாவை மறுத்தபோது, அது ஏழைகளுக்குப் பாதகமாய்ச் செல்வரை மேலும் செல்வராக்கும் என்ற காரணத்தையும் அவர் சேர்த்துச் சொன்னார். அது முதல் மசோதா எழுதுகிறவர்கள் ஜனாதிபதியின் மனத்தையும் முன்கூட்டியே எண்ணிப்பார்க்க வேண்டியதாயிற்று.

எனினும் இறுதிச் சொல் சபைகளுடையதே என்பது 1845-ல் ஜனாதிபதி டைலரின் மறுப்பை அவை முதன்முறையாகத் தள்ளியபோது மெய்ப்பட்டது. 1866-ல், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை வழங்கிய மசோதா, ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனின் மறுப்பைக் கடந்து சட்டமாயிற்று. மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். மறுப்பை மீறுவோர் பகிரங்கமாக வாக்களித்தாக வேண்டும். அந்த வாக்குகள் யாவும் அவரவர் பெயருடன் சபைக் குறிப்பேட்டில் இன்றும் பதிவாகின்றன.