கிரிப்டோகரன்சி: அரசின் பிடியில் இல்லாத பணம் சாத்தியமா? திருமலை உண்டியல் தரும் பாடம்

திருப்பதி: திருமலை ஏழுமலையான் கோயில் உண்டியலில் பக்தர்கள் செலுத்திய பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளில் 49.70 கோடி ரூபாய் மதிப்பிலானவை, பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு மாற்ற முடியாமல் தேவஸ்தானத்திடம் தேங்கின. கையில் இருக்கும் பணத்தை அரசு ஒரே இரவில் செல்லாததாக்க முடியும் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பதற்கு இது கண்கூடான சான்று. அந்த அச்சமே பலரைக் கிரிப்டோகரன்சியின் பக்கம் திருப்புகிறது. ஆனால், அரசின் பிடிக்கு அப்பாற்பட்ட பணம் என்ற வாக்குறுதியைக் கிரிப்டோகரன்சி நிறைவேற்றுகிறதா? அதன் விலை, சட்ட நிலை, எதிர்காலம் குறித்த விளக்கம் இதோ.

உண்டியலில் தேங்கிய நோட்டுகள்

புழக்கத்தில் இருந்த 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு வெளியானது. அவற்றை வங்கிகளில் செலுத்த டிசம்பர் 30 வரை அவகாசம் வழங்கப்பட்டது. அதற்குப் பின்னரும் திருமலை உண்டியலில் பழைய நோட்டுகள் காணிக்கையாக விழுந்துகொண்டே இருந்தன. உண்டியலில் செலுத்தியவர் யார் என்பது தெரியாது. எனவே திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

இவ்வாறு சேர்ந்தவற்றில் 1,000 ரூபாய் நோட்டுகள் 1.8 லட்சம், அவற்றின் மதிப்பு 18 கோடி ரூபாய். 500 ரூபாய் நோட்டுகள் 6.34 லட்சம், அவற்றின் மதிப்பு 31.70 கோடி ரூபாய். பக்தர்களின் உணர்வைக் கருத்தில் கொண்டு இவற்றை மாற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று, அப்போது தேவஸ்தான அறங்காவலர் குழுத் தலைவராக இருந்த ஒய்.வி. சுப்பா ரெட்டி, 2020 ஜூலையில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனைச் சந்தித்துக் கோரிக்கை விடுத்தார்.

அரசுக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26(2)-ஆவது பிரிவு, ரிசர்வ் வங்கியின் மத்தியக் குழு பரிந்துரைத்தால், நோட்டுகளைச் செல்லாதவை என்று அறிவிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அதற்கு முன்பு 1946-ஆம் ஆண்டிலும் 1978-ஆம் ஆண்டிலும் உயர் மதிப்பு நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டுள்ளன.

2016-ஆம் ஆண்டு நடவடிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 ஜனவரி 2-ஆம் தேதி 4-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அமர்வுக்குத் தலைமை வகித்த நீதிபதி எஸ். அப்துல் நசீர், அடுத்த மாதமே ஆந்திரப் பிரதேச ஆளுநராகப் பொறுப்பேற்றார். மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி பி.வி. நாகரத்னா, இத்தகைய முடிவை அரசாணை மூலம் அல்லாமல், நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமே எடுத்திருக்க வேண்டும் என்றார். திரும்பப் பெறப்பட்ட நோட்டுகளில் 99.3 சதவீதம் வங்கிகளுக்கு வந்து சேர்ந்ததாக ரிசர்வ் வங்கி பின்னர் அறிவித்தது. எஞ்சிய சிறு பங்கை வைத்திருந்தோருக்கு மாற்று வழி கிடைக்கவில்லை.

பிட்காயின் பிறந்த காரணம்

அரசின் மீதும் வங்கிகளின் மீதும் உள்ள அவநம்பிக்கை இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க வங்கிகள் சரிந்த 2008-ஆம் ஆண்டின் அக்டோபர் 31-ஆம் தேதி, சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் அல்லது ஒரு குழு பிட்காயினுக்கான திட்ட அறிக்கையை வெளியிட்டது. 2009 ஜனவரி 3-ஆம் தேதி உருவாக்கப்பட்ட முதல் பிட்காயின் தொகுதியிலேயே, வங்கிகளுக்கு அரசு மீண்டும் நிதியுதவி அளிப்பது பற்றிய லண்டன் நாளிதழின் தலைப்பு பதிக்கப்பட்டிருந்தது.

பிட்காயினை எந்த மத்திய வங்கியும் வெளியிடுவதில்லை. பரிவர்த்தனைகள் அனைத்தும் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பேரேடாகப் பதிவாகின்றன. இதுவே பிளாக்செயின் எனப்படுகிறது. மொத்தம் 2.1 கோடி பிட்காயின்களுக்கு மேல் உருவாக முடியாது, அவற்றில் 1.9 கோடிக்கும் மேற்பட்டவை ஏற்கெனவே வெளிவந்துவிட்டன. புதிதாக வரும் அளவு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நோட்டை விருப்பம்போல் அச்சிடவும் கூடாது, செல்லாததாக்கவும் கூடாது என்ற நோக்கத்தின் தொழில்நுட்ப வடிவமே இது.

விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

2017 டிசம்பரில் 20,000 டாலரை நெருங்கிய ஒரு பிட்காயினின் விலை, அடுத்த ஓராண்டில் 4,000 டாலருக்கும் கீழே சென்றது. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலரைத் தொட்டது. எஃப்டிஎக்ஸ் பரிமாற்ற நிறுவனம் திவாலான 2022 நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே விழுந்தது. 2024 டிசம்பரில் முதன்முறையாக ஒரு லட்சம் டாலரைக் கடந்தது. 2025 அக்டோபரில் 1.26 லட்சம் டாலரைத் தாண்டி, அடுத்த மாதமே ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

2021-ஆம் ஆண்டின் உச்சத்தில் 100 ரூபாய் முதலிட்டவரிடம் ஓராண்டில் டாலர் கணக்கில் 25 ரூபாய்க்கும் குறைவாகவே எஞ்சியது. 75 சதவீதம் சரிந்த சொத்து பழைய நிலையை அடைய, 75 சதவீதம் ஏறினால் போதாது. நான்கு மடங்காக வேண்டும்.

நிறுவனப் பங்குக்குப் பின்னால் அந்த நிறுவனத்தின் வருமானம் இருக்கிறது. பிட்காயினுக்கு அத்தகைய வருமானம் இல்லை. அடுத்து வாங்குபவர் என்ன விலை தரத் தயாராக இருக்கிறார் என்பதே அதன் விலை. வரத்து கூடாது என்பதால் தேவை சற்றுக் கூடினாலும் விலை பாய்கிறது. தேவை குறைந்தால் தாங்கிப் பிடிக்க எவரும் இல்லை.

விலைச் சரிவு என்றால் என்ன என்பதைச் சித்தூர் மாவட்ட மா விவசாயிகள் நன்கு அறிவார்கள். தமிழ்நாட்டில் கிளிமூக்கு மாம்பழம் என்று அறியப்படும் தோத்தாபுரியின் விலை 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் கடுமையாகச் சரிந்தது. அப்போது ஆந்திர அரசு தலையிட்டு, பழக்கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயுமாகச் சேர்த்து 12 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்தது. அந்தத் தொகை போதுமா என்பது வேறு விவாதம். விலை விழும்போது கேட்பதற்கு ஓர் அரசு இருந்தது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. அரசின் தலையீடு இல்லாத பணம் என்பதற்கு, அரசின் பாதுகாப்பும் இல்லாத பணம் என்றே பொருள்.

அரசை நம்பாவிட்டால் யாரை நம்புவது?

பிட்காயின் பேரேட்டைத் திருத்துவது ஏறத்தாழ இயலாத காரியம். ஆனால், பெரும்பாலான இந்திய முதலீட்டாளர்கள் அந்தப் பேரேட்டை நேரடியாகக் கையாள்வதில்லை. கைப்பேசிச் செயலி மூலம் ஒரு பரிமாற்ற நிறுவனத்தில் கணக்குத் தொடங்கி வாங்குகிறார்கள். நாணயத்தைத் திறக்கும் ரகசியச் சாவி அந்த நிறுவனத்திடமே இருக்கிறது. ரிசர்வ் வங்கி மீதான நம்பிக்கை இங்கே மறைந்துவிடுவதில்லை. ஒரு தனியார் நிறுவனத்தின் மீதான நம்பிக்கையாக இடம் மாறுகிறது.

இதன் விளைவு 2024 ஜூலை 18-ஆம் தேதி தெரிந்தது. இந்தியாவின் பெரிய பரிமாற்றத் தளங்களுள் ஒன்றான வசீர்எக்ஸில் இருந்து 23 கோடி டாலருக்கும் அதிக மதிப்புள்ள கிரிப்டோ நாணயங்கள் இணையவழியில் திருடப்பட்டன. பணம் எடுப்பது நிறுத்தப்பட்டது. வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்தனர்.

அவ்வாறு முடக்கப்பட்ட நாணயங்களை வைத்திருந்த ஒரு முதலீட்டாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். அவருடைய நாணயங்கள் திருடப்பட்டவற்றில் சேராதவை. கிரிப்டோகரன்சி சட்டப்பூர்வ நாணயம் அல்ல என்றாலும் அது ஒரு சொத்து என்றும், அதை ஒருவருக்காக மற்றொருவர் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்றும் 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். அரசமைப்புக்கு வெளியே இயங்கும் பணத்தைக் காக்கவும் இறுதியில் அரசமைப்பின் நீதிமன்றமே தேவைப்பட்டது.

வங்கி வைப்புத்தொகைக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோ கணக்குகளுக்கு அத்தகைய காப்பீடு இல்லை. சாவியைத் தாமே வைத்திருப்போருக்கு நிறுவன ஆபத்து இல்லை. ஆனால் அந்தச் சாவி தொலைந்தால், மீட்டுத் தரும் அலுவலகம் எதுவும் கிடையாது.

தங்கம் மாற்றாகுமா?

காகிதப் பணத்தை நம்பாதோரின் பழைய புகலிடம் தங்கம். திருமலை தேவஸ்தானத்தின் அனுபவம் இதிலும் ஒரு பாடம் தருகிறது. பஞ்சாப் நேஷனல் வங்கியில் 2016 ஏப்ரலில் வைப்பாகச் செலுத்தப்பட்ட 1,311 கிலோ தங்கம், மூன்று ஆண்டுகளில் வட்டியும் தங்கமாகவே சேர்ந்து 1,381 கிலோவாகத் திரும்பியது. 2019 மக்களவைத் தேர்தல் நேரத்தில் சென்னையில் இருந்து திருப்பதிக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தத் தங்கம், திருவள்ளூர் மாவட்டம் வேப்பம்பட்டு அருகே தேர்தல் பறக்கும் படையிடம் சிக்கியது. ஆவணங்கள் சரிபார்க்கப்பட்ட பிறகே விடுவிக்கப்பட்டது.

தங்கத்தின் மதிப்பை ஓர் அறிவிப்பால் அழிக்க முடியாது. ஆனால் அதைக் காக்கவும் வளர்க்கவும் வங்கியும் ஆவணமும் வேண்டியிருக்கிறது. தேவஸ்தானம் 2022 நவம்பரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையின்படி, அதன் 10 டன்னுக்கும் அதிகமான தங்கமும் 15,900 கோடி ரூபாய்க்கும் அதிகமான ரொக்க வைப்பும் வங்கிகளிலேயே உள்ளன. ஏறத்தாழ 50 கோடி ரூபாய் நோட்டுகள் தேங்கிய பிறகும் அந்த முறை மாறவில்லை.

இந்தியாவில் சட்ட நிலை என்ன?

கிரிப்டோ தொழிலுக்கு வங்கிகள் சேவை வழங்கக் கூடாது என்று 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது. அதை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4-ஆம் தேதி ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர், சென்னை உயர் நீதிமன்றத்தில் பணியாற்றிய நீதிபதி வி. ராமசுப்ரமணியன்.

இன்றைய நிலையில் கிரிப்டோகரன்சியை வாங்கவும் விற்கவும் தடையில்லை. ஆனால் அது சட்டப்பூர்வ நாணயம் அல்ல. 2022 ஏப்ரல் 1 முதல் அதன் லாபத்துக்கு 30 சதவீத வரியும், அதே ஆண்டு ஜூலை 1 முதல் பரிவர்த்தனைகளில் 1 சதவீத வரிப் பிடித்தமும் நடைமுறையில் உள்ளன. 2023 மார்ச் முதல் பரிமாற்ற நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டு, நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டியவை ஆயின.

ஒரு நாணயத்தின் நட்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது என்பதைப் பலர் அறிவதில்லை. ஒன்றில் 1 லட்சம் ரூபாய் லாபமும் மற்றொன்றில் 1 லட்சம் ரூபாய் நட்டமும் அடைந்தவரின் கையில் நிகர லாபம் எதுவும் இல்லை. இருந்தும் அவர் கூடுதல் வரி சேர்த்து 31,200 ரூபாய் செலுத்த வேண்டும்.

எதிர்காலம் எப்படி இருக்கும்?

உலக நாடுகள் வெவ்வேறு திசைகளில் செல்கின்றன. சீனா 2021-ஆம் ஆண்டு கிரிப்டோ பரிவர்த்தனைகளைத் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்பூர்வ நாணயமாக்கிய எல் சால்வடார், 2025 தொடக்கத்தில் சட்டத்தைத் திருத்தி, வணிகர்கள் அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது. அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் பிட்காயினை அடிப்படையாகக் கொண்ட பரிவர்த்தனை நிதியங்கள் பங்குச் சந்தையில் விற்கப்படுகின்றன. 2025 மார்ச்சில் அந்நாட்டு அரசே பிட்காயின் இருப்பு ஒன்றை அமைக்க உத்தரவிட்டது. அரசுகளின் மீதான அவநம்பிக்கையில் பிறந்த நாணயத்தை இன்று அரசுகளே சேமிக்கின்றன.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 முதல் சில்லறைப் பயன்பாட்டுக்கான டிஜிட்டல் ரூபாயைச் சோதனை முறையில் வெளியிட்டு வருகிறது. இது கிரிப்டோகரன்சி அல்ல. நோட்டைப் போலவே ரிசர்வ் வங்கியின் பொறுப்பில் இருப்பது. எனவே விலை ஏற்ற இறக்கம் இல்லை, அரசின் பிடியில் இருந்து விடுதலையும் இல்லை.

பிட்காயின் எந்த விலையைத் தொடும் என்று உறுதியாகச் சொல்வோரின் கணிப்புகள் கடந்த காலத்தில் இரு திசையிலும் பலமுறை பொய்த்துள்ளன. வரி, பதிவு, கண்காணிப்பு ஆகியவற்றின் வழியாக அரசின் பிடி இதிலும் இறுகி வருகிறது என்பது மட்டுமே தெளிவு.

முதலிடும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இதைச் செல்லாததாக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? இதன் சாவி யார் கையில் இருக்கிறது? அவசரத்துக்கு விற்றால் என்ன விலை கிடைக்கும்? ரூபாய் நோட்டு முதல் கேள்வியில் பலவீனமானது. அதைத்தான் திருமலை உண்டியல் காட்டியது. கிரிப்டோகரன்சி முதல் கேள்வியில் வலுவானது. மற்ற இரண்டிலும் பலவீனமானது. ஒரு கேள்விக்கான விடையை மட்டும் பார்த்துச் சேமிப்பு முழுவதையும் மாற்றுவதே பெரும்பாலான இழப்புகளின் தொடக்கம்.

மாதந்தோறும் உறுதியான வருமானம், குறுகிய காலத்தில் இரட்டிப்பு என்று வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வரும் அழைப்புகளைத் தவிர்க்க வேண்டும். நிறுவனம் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். எனினும் அந்தப் பதிவு முதலீட்டுக்கு உத்தரவாதம் ஆகாது. இணையவழியில் பணம் பறிபோனால் 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே தொடர்புகொள்ள வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் புகார் பதிவானால்தான் அதை முடக்கி மீட்கும் வாய்ப்பு இருக்கும்.