பொதுவுடைமையான பாட்டு



நிலத்திற்கு உடையவர் உண்டு, தோப்பிற்கும் உண்டு. பாட்டிற்கு உடையவர் உண்டா என்று வினவினால் நம்மவர் பலர் நகைப்பர். சேதுக்கரையில் வலையிழுப்போர் பாடும் அம்பாப் பாட்டை எவர் தமக்கே உரியதென்று சொல்ல இயலும்? ஆயினும், பாரதியார் பாடலைத் திரைப்படத்தில் சேர்க்க ஒருவரிடம் இசைவு பெறவேண்டியிருந்த காலமும் ஒன்று இருந்தது. அந்த வரலாறு நம் பழைய இராமநாதபுர மாவட்டத்தைத் தொட்டுச் செல்கிறது.

பாரதியார் 1921 செப்டம்பரில் மறைந்தார். அவர்தம் துணைவியார் செல்லம்மாள் நூல்களைத் தாமே பதிப்பிக்க முயன்று இடர்ப்பட்டார். பதிப்புரிமை பின்னர்க் கவிஞரின் தம்பி விசுவநாதனிடம் சேர்ந்தது. பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமையோ தனியே பிரிந்து ஒரு வணிகர் கைக்குப் போயிற்று. அதனை விலை கொடுத்துப் பெற்றவர் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். காரைக்குடியில் நிறுவிய படப்பிடிப்பு நிலையத்திலிருந்து அவர் 1947இல் வெளியிட்ட 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் ஒலித்தன. நாடே கேட்டு மகிழ்ந்தது.

அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலொன்றைச் சேர்த்தனர். உரிமை மீறப்பட்டதென்று மெய்யப்பர் தரப்பு நடவடிக்கை தொடங்கியது. மெய்யப்பர்மீது சினங்கொள்வது பொருந்தாது என்பது என் கருத்து. அவர் பணங்கொடுத்துப் பெற்றதைச் சட்டப்படியே காக்க முயன்றார். மக்களின் கவி ஒருவருடைய பெட்டிக்குள் இருக்கலாமா என்னும் கேள்வி மட்டும் நாடெங்கும் எழுந்தது. 'பாரதி விடுதலைக் கழகம்' தோன்றியது. நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் முன்னின்றனர். 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசு உரிமைகளைத் தானே ஏற்றது. செல்லம்மாளுக்கும் மகளிர் இருவர்க்கும் விசுவநாதனுக்கும் அரசு தொகை வழங்கியது. மெய்யப்பர் தம் இசைத்தட்டு உரிமையைப் பணமின்றியே ஈந்தார். 1955இல் அப்பாடல்கள் எவரும் அச்சிடவும் பாடவும் உரியனவாயின. அவ்வாறு நிகழாதிருப்பின், சட்டக் கணக்குப்படி 1971 முடியும்வரை நாம் காத்திருந்திருக்க வேண்டும்.

வங்கத்திலோ வேறு வகை நிகழ்ந்தது. 1941இல் மறைந்த தாகூரின் உரிமை 1991உடன் முடியவேண்டியது. 1992இல் சட்டத்தையே திருத்தி, ஐம்பதாண்டை அறுபதாக்கினர். அந்த அறுபதே இன்றும் நம் நாட்டுக் கணக்கு: ஆக்கியோன் மறைந்த ஆண்டு கழிந்தபின் அறுபதாண்டு.

இங்கே நம் பிள்ளைகள் அறியவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சொல் வேறு, பண் வேறு, ஒலிப்பதிவு வேறு. மூன்றுக்கும் உரிமை தனித்தனி. இராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்கார் 1919இல் மறைந்தவர். அவர் கீர்த்தனைகளை எவரும் பாடலாம். அவருடைய மாணாக்கர் அரியக்குடி இராமானுச ஐயங்கார், ஆண்டாளின் திருப்பாவைக்கு இசையமைத்தவர், 1967இல் மறைந்தார். ஆண்டாளின் சொற்களுக்கு உரிமையாளர் எவருமில்லை. அரியக்குடியார் அமைத்த இசைக்கோ, அறுபதாண்டுக் கணக்கு 2027 முடியும்வரை ஓடுகிறது. ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டு கழிந்தபின் அறுபதாண்டு. ஆகவே, பாரதி பாடலாயினும், நேற்று வெளியான இசைத்தட்டிலிருந்து எடுத்துத் தம் குறும்படத்தில் ஒட்டுவது பிறர் பொருளைத் தொடுவதாகும். உரிமைக்காலம் முடிந்த பழைய மெட்டிலோ தாமே அமைத்த புதிய மெட்டிலோ தாமே பாடிப் பதிந்துகொண்டால் எவரும் கேட்கமாட்டார்.

பள்ளி ஆண்டுவிழாவிற்குச் சட்டமே இடமளித்துள்ளது. மாணவரும் ஆசிரியரும் நடித்துப் பாட, பெற்றோரும் பள்ளியாருமே அவையிலிருந்தால், அது மீறலன்று. அந்த நிகழ்ச்சியைப் படம் பிடித்து இணையத்தில் உலகுக்குக் காட்டும்போது இந்த விலக்கு துணைவராது. பலர் இதை அறியாமல் பின்னர் அல்லலுறுகின்றனர். இக்காலத்தில் படைப்பாளர் பலர், 'பெயர் சொல்லிப் பயன்படுத்துக' என்றோ, 'வணிகத்திற்கன்றிப் பயன்படுத்துக' என்றோ தாமே பொது உரிமம் வழங்குகின்றனர். 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்பது அத்தகைய ஏற்பாடு. அவ்வுரிமத்தின் சொற்களை முழுவதும் படித்தபின்பே பாட்டை எடுக்கவேண்டும். பெயரைக் குறிக்க மறந்தால், இலவசமாய்க் கிடைத்ததும் உரிமை மீறலாகிவிடும்.