சோறும் சாசனமும்

சேலத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிறவர்களுக்கு மாரண்டஹள்ளி ஒரு சிறிய ஸ்டேஷன். தருமபுரி ஜில்லா, பாலக்கோடு தாலுகா. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் சீமை. அங்கே எழுபது வயதுக் குடியானவர் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். "அப்பா, பின்னால் தகராறு எதுக்குங்க? இப்பவே எழுதிக் குடுத்துடுங்க" என்கிறான் பிள்ளை. எழுதிக் கொடுக்கலாமா?

இதற்குப் பதில் சொல்ல, சட்டத்தைப் புரட்டுமுன் கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்ட வேண்டும். ஏனென்றால் 'எழுதிக் கொடுப்பது' என்பதே நம் குடும்பங்களுக்கு அவ்வளவு பழைய வழக்கமல்ல.

நம் பக்கத்து ஹிந்துக் குடும்பங்களை நெடுங்காலம் ஆண்டது விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாக்ஷரம். சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்து நூல் அது. அதன்படி மகன் பிறந்த கணத்திலேயே பரம்பரைச் சொத்தில் பங்காளியாகிவிடுகிறான். தகப்பன் தன் இஷ்டம் போல் அதை எழுதிவைக்க முடியாது. ஆனால் குடும்பத்து முதியவர்களுக்கும் விதவைகளுக்கும் அந்தச் சொத்திலிருந்து ஜீவனம் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், எழுதும் உரிமை இல்லை. சோற்று உரிமை இருந்தது. ஏட்டில் இருந்ததெல்லாம் இலையில் விழுந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நம் பாட்டிமார்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமை கும்பினியார் கைக்கு வந்தது. காப்டன் அலெக்ஸாண்டர் ரீடு என்பவரும், அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோவும் வந்து நிலங்களை அளந்தார்கள். இடையில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவரிடமே நேரில் வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் வேரூன்றியது. பின்னாளில் மன்றோ சென்னை கவர்னரானபோது அது ராஜதானியில் பரவி நிலைத்தது. 'இன்னார் பெயருக்கு இந்த நிலம், இவ்வளவு தீர்வை' என்ற பட்டா, வரி வாங்கப் பிறந்த காகிதம். நாளடைவில் மக்கள் மனத்தில் அதுவே சொத்தின் அடையாளமாகிவிட்டது. காகிதத்தில் பெயர் இருந்தால்தான் மனிதருக்கு மதிப்பு என்ற காலமும் பிறந்தது.

பிறகு உயில் வந்தது. அந்தச் சொல்லே 'வில்' என்ற ஆங்கிலச் சொல் பூண்ட தமிழ் வேஷந்தான். 1870-ல் வந்த ஹிந்து உயில் சட்டம் சென்னை, பம்பாய் நகரங்களையும் வங்காளத்தையும் கவனித்ததே தவிர, மாரண்டஹள்ளி போன்ற ஊர்களைக் கவனிக்கவில்லை. அங்கெல்லாம் வாய்ச்சொல்லாகச் சொன்ன உயிலும் செல்லுபடியாயிற்று. 1927 ஜனவரி 1 முதல்தான் எல்லா ஹிந்துக்களின் உயிலுக்கும் எழுத்து, கையொப்பம், இரண்டு சாட்சிகள் என்ற நியமம் ஏற்பட்டது. பிரியாத குடும்பத்தில் தம் பங்கை உயிலால் எழுதிவைக்கும் உரிமை 1956-ஆம் வருஷத்து வாரிசுச் சட்டத்தில்தான் கிடைத்தது.

பெண்களோ இன்னும் காத்திருந்தார்கள். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. பிறந்த வீட்டுப் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் அமலானது 1989-ல். சரியாக அறுபது வருஷம்! அதிலும் அதற்கு முன் மணமானவர்களுக்குப் பங்கில்லை. அந்தக் குறையை 2005-ஆம் வருஷத்து மத்திய சட்டம் நீக்கியது. ஆகவே பரம்பரை நிலத்தை மகனுக்கே எழுதிவிட நினைக்கும் தகப்பனார் தம் பங்கை மட்டுமே எழுதலாம். மகளின் பங்கு அவருடைய பேனாவுக்கு எட்டாது.

சரி, எப்படி எழுதுவது? உயிலை நூறு தடவை மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. எழுதியவர் கண் மூடும்வரை சொத்து அவருடையதே. 'தான செட்டில்மெண்டு' என்று பதிவாகிற பத்திரம் அப்படியல்ல. இன்று எழுதினால் இன்றே கை மாறுகிறது. மனம் மாறினால் திரும்பாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்த பெரியவர்கள் நம் நாட்டில் எத்தனையோ பேர்.

ஜெர்மனி, ஆஸ்திரியா நாட்டுக் குடியானவர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. பண்ணையைப் பிள்ளையிடம் ஒப்படைக்கும்போது, 'எனக்கு இன்ன அறை, வருஷத்துக்கு இவ்வளவு தானியம், இவ்வளவு விறகு, இவ்வளவு பால்' என்று கணக்காக எழுதி வாங்கிக்கொள்வார்கள். அன்பில்லாத மனிதர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அன்புக்கு அடங்கல் கணக்கு வேண்டாம். சோற்றுக்கு வேண்டும் என்று அறிந்தவர்கள்.

நம் நாட்டில் அதே ஞானம் 2007-ல் சட்டமாயிற்று. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்வது இது: அறுபது வயதானவர், தம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டுமென்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் கவனிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யும்படி கேட்கலாம். சட்டம் அமலுக்கு வந்த பிறகு எழுதியவற்றுக்கே இது பொருந்தும். நிபந்தனை என்ற சொல்லில்தான் வழக்கெல்லாம். நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாயார் மகனுக்குத் தானப் பத்திரம் எழுதினார். கவனித்துக்கொள்வதாக மகன் தந்த வாக்குறுதி வேறொரு காகிதத்தில் இருந்தது. பத்திரத்தில் நிபந்தனை இல்லை என்று ஹைகோர்ட்டு பெஞ்சு தாயாருக்குக் கைவிரித்தது. 2025 ஜனவரி 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இரண்டு காகிதங்களையும் சேர்த்துப் படித்து, சொத்தைத் தாயாருக்கே திருப்பியது. அந்த இரண்டாவது காகிதம் இல்லாதிருந்தால்?

இந்தச் சட்டப்படி மனுவை விசாரிப்பது கோட்டாட்சியரின் தீர்ப்பாயம், மாரண்டஹள்ளிக்காரருக்குத் தருமபுரிதான். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் விதிக்கலாம். பிள்ளையில்லாதவர், தம் சொத்தை அனுபவிக்கும் உறவினரிடமோ அதற்கு வாரிசாகப் போகும் உறவினரிடமோ கேட்கலாம். ஆனால் எண்பது வயதில் பெற்ற மகன்மேல் மனுப் போட்டு ஜெயிப்பது ஜெயமா?

ஆகவே, கூடுமானால் உயில் போதும். செட்டில்மெண்டுதான் எழுத வேண்டுமென்றால், 'என் ஆயுள் வரை இந்த வீட்டில் வசித்து, இந்த நிலத்தின் பலனை அனுபவிப்பேன். என்னைப் பராமரிக்கத் தவறினால் இது செல்லாது' என்று அதிலேயே எழுதிவிடுங்கள். நல்ல பிள்ளைக்கு அதனால் ஒரு நஷ்டமுமில்லை. அன்று பாராமகாலுக்கு வந்த துரைமார்கள் நம் நிலத்துக்கு வரி போட்டுவிட்டுப் போனார்கள். பத்திரத்தில் நமக்காக ஒரு வரி போட்டுக்கொள்ள நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?